லயத்து வாசலின் உயரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் முதன்முதலாக விமானத்தை இறக்கப் போனபோது அங்கே மைதானத்தைக் காணவில்லை. ஒரு கிணறு இருந்தது. நமுனுகுல மலைச் சரிவில் சதுரமாக வெட்டி எடுத்த ஆழமான கிணறு. அதன் அடியில், கடல் மட்டத்தில், பச்சை நிறத்தில் ஒரு ஓடுபாதை கிடந்தது. நாலு பக்கமும் செங்குத்தான சுவர். அதற்குள் இறங்குவதென்றால் விழத்தான் வேண்டும். திரும்ப ஏறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நடந்தது கணினித் திரையில்தான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஓடுபாதையை அங்கே வைத்தவன் யாரென்று தெரியாது. உயரம் என்ன என்று மென்பொருள் கேட்ட கட்டத்தை அவன் வெறுமையாக விட்டுவிட்டுப் போயிருந்தான். வெறுமை என்றால் மென்பொருளுக்குப் பூச்சியம், பூச்சியம் என்றால் கடல். எங்களைப் பள்ளத்தில் போட அவனுக்கு ஒரு நிமிட யோசனைகூடத் தேவைப்படவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதற் சில ஆண்டுகள் அவை. நான் பதுளை நகரத்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கடை ஒரு ஹாஜியாருடையது. கட்டடமும் அவருடையது, தொலைபேசி இணைப்பும் அவருடையது. வகுப்பு இல்லாத நேரங்களில் நான் விமானம் ஓட்டினேன். வீட்டுக் கணினியில் நிஜ விமானத்தைப் போலவே ஓட்டிப் பழகும் மென்பொருள் ஒன்று உண்டு. உலகம் முழுவதும் அதற்குள் இருக்கும். ஆனால் இலங்கை மாதிரி நாடுகளுக்குப் பேருக்குத்தான் ஒரு நிலம் போட்டிருப்பார்கள். மலை, ஆறு, ஓடுபாதை, கட்டடம் எல்லாவற்றையும் ஆர்வமுள்ளவர்கள் தாங்களே செய்து சேர்க்க வேண்டும். அந்த வேலைக்குச் சீனரி என்று பெயர்.

கொழும்பில் சிலர் குழுவாகச் சேர்ந்து முழு நாட்டுக்கும் சீனரி செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு பகுதி. எங்கள் மலைப் பகுதியான ஊவாவை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், உடனே கொடுத்துவிட்டார்கள். வேண்டாத பண்டத்தைக் கொடுக்கும்போது மனிதருக்கு எவ்வளவு தாராளம் வருகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

இதனால் என்ன பயன் என்று கேட்காதவர்கள் இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கேட்டார்கள், நகரத்தில் கேட்டார்கள், பாஸ்போர்ட்டே இல்லாதவனுக்கு விமானம் எதற்கு என்று என்னிடம் படித்தவர்களே கேட்டார்கள். பயன் ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். பயனுள்ள வேலை மட்டுமே செய்வதற்காக எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே பல தலைமுறை போய்விட்டது. ஒருவனாவது பயனில்லாத வேலை பார்க்கட்டும்.

மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அவர்களில் ஒருவர் சின்ன விமானம் வைத்திருந்தாராம். அது இறங்குவதற்காகச் சரிவை வெட்டிப் புல் வளர்த்த இடம் அது. மண் சுமந்தது எங்கள் ஆட்கள். துரை போன பிறகு விமானமும் வரவில்லை. ஆனால் பெயர் நின்றுவிட்டது, பிளேன் கிரவுண்டு. எங்கள் காலத்தில் அங்கே மாடு மேய்ந்தது, பந்து விளையாடினார்கள், தேர்தல் வந்தால் மேடை போட்டார்கள். அதன் மேல் முனையில் துரை பங்களா. கீழ் முனையில் எங்கள் லயம். நான் பிறந்ததும் என் அம்மா அப்போதும் இருந்ததும் அந்த லயத்தின் கடைசி அறையான கோடிக் காம்பராவில்.

கிணற்றை மூடுவது பெரிய வேலையாக எனக்குத் தெரியவில்லை. சரியான உயரத்தைக் கொடுத்தால் ஓடுபாதை தானாக மேலே வந்துவிடும். உயரம் எனக்கு மனப்பாடம். தேயிலை ஸ்டோரின், எங்கள் தேயிலை ஆலையின், நெற்றியில், தோட்டத்தின் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி என்று பெரிதாக எழுதியிருந்தது. தேயிலைப் பெட்டிகளிலும் அதே எண். பள்ளிக்கூடத்தில் எங்கள் தோட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று வாத்தியார் கேட்டால் வகுப்பே அந்த எண்ணைத்தான் கத்தும். அதைக் கட்டத்தில் போட்டுவிட்டு விமானத்தில் ஏறினேன்.

ஓடுபாதை இப்போது ஆகாயத்தில் இருந்தது. கிணற்றிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது மாதிரி. சுற்றிலும் மதில், மதிலுக்கு அடியில் எங்கோ தேயிலை. நான் இரண்டு மூன்று தரம் எண்ணைச் சரிபார்த்தேன். அடிக்குப் பதிலாக மீற்றரைப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. ஸ்டோர் இருப்பது மேக்கணக்கில். மைதானம் கீக்கணக்கில். தோட்டத்தை மேல் பிரிவு, கீழ் பிரிவு என்று பிரித்து நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இரண்டுக்கும் இடையில் ஏறி இறங்கியே எங்கள் பெண்களின் முழங்கால் தேய்ந்திருக்கிறது.

கொழும்புக்காரன் யாரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். அவனுக்கு ஸ்டோரின் உயரமே தெரியாது. ஒரு தோட்டம் ஓடையோரத்திலிருந்து மலை முகடு வரை ஏறிக்கிடக்கும், ஆனால் அதற்கு ஒரே ஓர் உயரம்தான், அது ஸ்டோரின் உயரம். தேயிலைக்கு விலை உயரத்தை வைத்து என்பதால் தேயிலை காயும் இடத்தின் உயரம் எழுதப்பட்டது. ஆட்கள் தூங்கும் இடத்தின் உயரம் எதிலும் எழுதப்படவில்லை. கீக்கணக்கில் பிறந்த நானே அதைக் கேட்காமல் வளர்ந்திருக்கிறேன். அன்றைக்கு என்னைப் பார்த்து நானே சிரித்தேன், கொஞ்சம் கசப்பாகத்தான்.

ஸ்டோரை விட்டுவிட்டு, வானத்திலிருந்து அளந்து இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருந்த மலை அளவுகளை இறக்கிக்கொண்டேன். திரையில் மைதானத்தின் மேல் முனையில் சுட்டியை வைத்தால் ஓர் உயரம், கீழ் முனையில் வைத்தால் அதைவிட நன்றாகக் குறைந்த இன்னொன்று. இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிளேன் கிரவுண்டு சரிவு என்று பந்து விளையாடிய எல்லோருக்கும் தெரியும். நாணயம் சுண்டி ஜெயித்தவன் மேல் பக்கத்தைத்தான் கேட்பான். கீழ்ப் பக்கக் கோல் காப்பவன் பந்தைப் பிடிப்பதைவிட லயத்துக் கூரையிலிருந்து அதை எடுத்து வருவதற்குத்தான் அதிகம் ஓடுவான்.

ஆனால் மென்பொருளுக்குச் சரிவான ஓடுபாதை என்றால் என்னவென்று தெரியாது. ஒரு விமான நிலையத்துக்கு ஒரே உயரம், அதன் பரப்பு முழுவதும் தட்டை, அவ்வளவுதான் அதன் அறிவு. மேல் முனையின் உயரத்தைக் கொடுத்தால் கீழ் முனை மண்மேடாக எழும்பும். கீழ் முனையின் உயரத்தைக் கொடுத்தால் மேல் முனை மலைக்குள் வெட்டிக்கொண்டு போகும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

குழுவின் தலைவர் ஓர் எஞ்சினியர், யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், மரியாதையாகப் பேசுவார். துரைமார் காலத்து வரைபடம் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் பங்களா முனைக்கு உயரம் குறித்திருந்தது. அதையே போடும்படி எழுதி, குழுவின் கோப்பிலும் அந்த உயரத்தையே பதிந்துவிட்டார். போட்டேன். பங்களாவும் அதன் புல்தரையும் ஓடுபாதையும் ஒரே மட்டத்தில் அழகாகச் சேர்ந்தன. கீழ் முனையில் மேடு எழும்பி லயத்தின் மேல் ஏறிவிட்டது. லயத்தை நான் அதன் சொந்த உயரத்தில் வைத்திருந்தேன், அதனால் மண் எழும்பியபோது அது உள்ளே போய்விட்டது. தகரக் கூரையின் விளிம்பு மட்டும் புல்லுக்கு மேலே ஒரு கோடாகத் தெரிந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்தார். பிரஷருக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் மாதாமாதம் கிளினிக். அது முடிந்ததும் மாடிப்படி ஏறி வந்து வகுப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு பஸ்சுக்குப் போவார். அன்றைக்கு மாணவர்கள் யாரும் இல்லை. நம் தோட்டத்தைக் காட்டுகிறேன் வாங்க என்று கூப்பிட்டேன். எனக்குப் பெருமை, வேறென்ன.

அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மலையை உடனே கண்டுகொண்டார். ரோட்டு வளைவு, கோயில், ஸ்டோர் எல்லாவற்றையும் விரலால் தொடாமல் தொட்டுச் சொன்னார். ஸ்டோர் கூரைக்கு நான் கொடுத்த நிறம் சரியில்லை என்றார். பிறகு லயம் எங்கே என்று கேட்டார். நான் விமானத்தைத் தாழ்த்திக் காட்டினேன். அந்தத் தகர விளிம்பைப் பார்த்ததும் திரையிலிருந்து ஓர் அடி பின்வாங்கினார்.

அதற்கு முந்திய மழைக்காலத்தில் எங்கள் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, மண் சரியலாம் என்று எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்கச் சொன்னார்கள். பெஞ்சுகளை இழுத்துச் சேர்த்துப் பிள்ளைகளைப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் சிமெந்துத் தரையில் கிடந்தார்கள். மழை விட்டதும் திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். வேறு இடத்தில் வீடு என்றார்கள், எந்த இடம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பெரிய மழை பெய்த ஒவ்வொரு தடவையும் அம்மா தன் காம்பராவின் பின்சுவரைக் கையால் தடவிப் பார்ப்பது எனக்குத் தெரியும். கணினியில் மண் ஏறுவது ஓர் எண்ணின் கோளாறு என்று அவருக்கு நான் எப்படிச் சொல்வது?

சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டார்.

“தோட்டத்து ஆபீஸ்லதான் நம்மள ஒரு ஆளா எடுக்கல” என்றார். “நீயுமா தம்பி மண்ணப் போட்டு மூடுற?”

வாங்கி வைத்த பிளேன்டீயைக் குடிக்காமலே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது, அதற்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. ஆத்திரம்தான் தங்கியது.

தலைவருக்குத் தொலைபேசியில் பேசினேன். மேல் முனையின் உயரத்தைக் கொடுத்தால் லயம் புதைகிறது, கீழ் முனையின் உயரத்தைக் கொடுக்கப் போகிறேன் என்றேன். அப்போது பங்களா என்ன ஆகும் என்று கேட்டார். மலை வெட்டுப்பட்டு அது ஒரு சுவரின் உச்சியில் நிற்கும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பங்களா ஓர் அடையாளம், விமானம் ஓட்டுகிறவன் தூரத்திலிருந்தே அதைப் பார்த்துத்தான் மைதானத்தைக் கண்டுபிடிப்பான் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு மிகச் சுலபமான வழி ஒன்றைச் சொன்னார்.

“தம்பி, நீர் அந்த லயனை எடுத்துவிடுமன். மேலால பறக்கிறவனுக்கு லயன் இருந்தென்ன, இல்லாட்டி என்ன?”

“அங்க எங்க அம்மா இருக்காங்க ஐயா” என்றேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. நிஜமாகவே என்னைச் சமாதானப்படுத்தத்தான் விரும்பினார்.

“இது விளையாட்டுத்தானே, தம்பி.”

“விளையாட்டுதான் ஐயா. அப்ப பங்களாவ எடுத்துருவோம்.”

அதற்கு அவர் சிரிக்கவில்லை. குழுவில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தார். விளையாட்டில் லயத்தை எடுக்கலாம், பங்களாவை எடுக்கப் பேசி முடிவெடுக்க வேண்டும். நான் குழுவின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை.

கீழ் முனையின் உயரத்தை என் கோப்பில் எழுதினேன். ஒன்றும் மாறவில்லை. மறுபடி எழுதினேன், கணினியை அணைத்துப் போட்டேன், அப்படியும் மேடு அசையவில்லை. அந்த மென்பொருளின் குணம் அப்படி. ஓடுபாதையின் நீளத்தையும் கட்டடத்தையும் யார் வேண்டுமானாலும் பின்னால் வந்து மாற்றலாம், உயரத்தில் மட்டும் முதலில் சொன்னவன் சொல்லே நிற்கும். குழுவின் கோப்பை அது முதலில் படித்தது, என்னுடையதைப் பிறகு படித்து, உயரத்தை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டது. சில நாட்கள் இதோடு மல்லுக்கட்டி, வேறொரு நாட்டில் இதே தலைவலியோடு கிடந்த யாரோ ஒருவர் எழுதிவைத்திருந்த குறிப்பைப் படித்துத்தான் விஷயம் பிடிபட்டது. உயரத்தை மட்டும் தனியாக ஒரு சின்னக் கோப்பில் எழுதி, வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் லயத்து வாசலின் உயரம் முதன்முதலாக ஒரு வரிசையின் தலையில் நின்றது.

மேடு போய்விட்டது. லயம் முழுசாக வெளியே வந்தது. தகரம், தூண், வாசற்படி, தண்ணீர் ஓடும் கான், எல்லாம். மறுமுனையில் மலை செங்குத்தாக வெட்டுப்பட்டு, பங்களா அதன் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. முன்னால் இருந்த புல்தரையைக் காணவில்லை. வாசற்கதவைத் திறந்து ஒருவர் கால் வைத்தால் ஓடுபாதைக்குத்தான் வந்து சேர்வார்.

ஹாஜியார் மேலே வந்தால் ஜித்தாவைக் காட்டச் சொல்வார். ஹஜ்ஜுக்குப் போய் இறங்கிய இடத்தை மறுபடி பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். ஜித்தா கடலோரம், தட்டை நிலம், உயரச் சிக்கலே கிடையாது, எந்தப் பிள்ளையும் இறக்கிவிடும். அன்றைக்கு அவர் பங்களாவைப் பார்த்துவிட்டு இதுக்கு என்ன நடந்த தம்பி என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். எங்கள் தோட்டத்துத் துரைமாருக்குத் துணி விற்றவர் அவர். ஆனாலும், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடை பூட்டியிருக்கும்போது தொலைபேசியில் அனுப்பிக்கொள்ளுங்கள், இடையில் யாரும் எடுத்துக் குழப்ப மாட்டார்கள் என்றார். மற்ற நேரங்களில் கீழே கடையில் யாராவது ரிசீவரைத் தூக்கினாலே இணையம் அறுந்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை குழுவுக்கு அனுப்பினேன். பதில் மரியாதையாக வந்தது. ஒரு முனையில் மலை வெட்டுப்படுவது தரத்துக்கு ஒவ்வாது, இனி நேரமும் இல்லை, ஆகவே அந்த மைதானத்தை இந்தத் தொகுப்பில் விட்டுவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நான் செய்த மற்ற எல்லாவற்றையும், தெமோதரை ரயில் நிலையம் வரைக்கும், சேர்த்தார்கள். எங்கள் மைதானம் இருந்த இடத்தில் வெறும் மலை. பங்களாவும் இல்லை, லயமும் இல்லை. பங்களா விளிம்பில் நிற்பதைவிட இடமே இல்லாமல் போவது அவர்களுக்குப் பரவாயில்லை என்று தோன்றியிருக்கிறது.

சரி, போகட்டும் என்றேன். உலகத்தில் சீனரி செய்பவர்கள் தங்கள் வேலையைப் போட்டுவைக்கும் தளங்கள் இருந்தன. யாரிடமும் கேட்காமல் அதில் போடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஓர் ஆள் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு வந்த அம்மா மேலே ஏறி வருவாரா என்றுகூட எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்தார். நான் எதையும் விளக்கவில்லை. விமானத்தைத் தெமோதரைப் பக்கமாகக் கொண்டுபோய்த் திருப்பி, மலையை ஒட்டி மெதுவாக வந்தேன். லயம் தெரிந்ததும் அம்மா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டார். கோடிக் காம்பராவைத் தேடிப் பிடித்தார். மண் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பின்சுவர்ப் பக்கமும் காட்டச் சொன்னார். சுற்றிக் காட்டினேன்.

“சரி, எறக்கு” என்றார்.

மேல் முனைப் பக்கமாக வந்து இறக்கினேன். பங்களாக் கூரையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, புல்லில் உருண்டு லயத்துக்கு முன்னால் போய் நின்றது விமானம். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் இளகியிருந்தது. பிறகு, வந்த வழியைத் திருப்பிக் காட்டு என்றார். காட்டினேன். பங்களா உச்சியில் நின்றது.

“அது விழுந்துறாதா?”

“விழுந்தா விழட்டும்மா. அவங்களுக்கு வேற வீடு இருக்கும்.”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறதே என்ற பார்வை.

“பின்னால காம்பராவுல வாச்சர் குடும்பம் இருக்கே. அதுங்க நம்ம ஆளுங்கதான. அதுங்கள மட்டும் ஏன் அங்க வச்சிருக்க?”

பங்களாவைச் செய்யும்போது அதன் பின்பக்கத்து அறையையும் சேர்த்தே செய்திருந்தேன். அதில் காவல்காரரின் குடும்பம் இருப்பது என் நினைவில் வரவே இல்லை. அம்மா பஸ்சுக்குப் போன பிறகு அந்த அறையைப் பங்களாவிலிருந்து கழற்றி எடுத்தேன். லயத்துக்குப் பக்கத்தில், கோயிலுக்கு இந்தப் பக்கமாக, மேடும் பள்ளமும் இல்லாத இடம் ஒன்று இருந்தது. அங்கே வைத்து, முன்னால் ஒரு தண்ணீர்க் குழாயும் போட்டுக் கொடுத்தேன். பங்களாவைத் தொடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, கீழே கடை பூட்டியிருந்தபோது, எல்லாவற்றையும் அந்தத் தளத்தில் போட்டேன். சில பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் மட்டும் அக்கறையாக எழுதியிருந்தார். லயம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஓடுபாதையின் உயரத்தில் பிழை இருக்கிறது, மேலே உள்ள பெரிய வீடு அந்தரத்தில் நிற்கிறது, தயவுசெய்து திருத்துங்கள் என்று கேட்டிருந்தார்.

திருத்தியாகிவிட்டது என்று பதில் எழுதினேன்.